ஜூலிக்கும் கருப்பிக்கும் ஏன் ஆகவில்லை?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பெண் நாய்கள். ஜூலி லேப்ரடார், ஆறு வயது, 38 கிலோ. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிவிட்டது. கருப்பி நாட்டு நாய். தெருவில் குட்டியாகக் கிடந்ததை என் மகன் தூக்கி வந்தான். இப்போது இரண்டு வயது, இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை. இரண்டும் ஒரே சாக்கில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கியவை. நான்கு மாதமாகப் பார்த்தாலே உறுமுகின்றன. கருப்பிக்கு ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் முதல் சண்டை வந்தது. அதன் பிறகு, சாயங்காலம் என் கணவர் பைக்கில் வந்து இறங்கும்போது வாசலிலும், கறி நறுக்கும்போது அடுப்படி நிலைப்படியிலும் அடிக்கடி நடக்கிறது. ஜூலி இப்போதெல்லாம் மாடிப்படி ஏறுவதில்லை. வயசாகிவிட்டது, படுத்தே கிடக்கிறது. போன வாரம் பிரித்துவிடப் போன என் அத்தையின் புறங்கையில் பல் இறங்கிவிட்டது. எது கடித்தது என்றே தெரியவில்லை. இரண்டுக்கும் வருஷா வருஷம் ஊசி போட்டிருப்பதால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டோம். பக்கத்து வீட்டு அண்ணன், “தடுக்காதீங்க, ஒரு தடவை முழுசா சண்டை போட்டு முடிச்சா எது பெருசுன்னு அதுங்களே முடிவு பண்ணிக்கும்” என்கிறார். என் கணவர், பின்னால் வந்ததுதான் அடங்க வேண்டும் என்று கருப்பியை அடிக்கிறார். அத்தை ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார். எதைத் தலைவியாக வைப்பது? கொடுத்துவிடுவதுதான் வழியா?
ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நாய்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் அத்தையின் கையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மஞ்சள் போதாது. பல் இறங்கிய காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக்கூடாது. பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்க் காட்ட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அதை வைத்து நாமாக முடிவெடுக்கக்கூடாது. ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றியே போடும் மருந்தும் உண்டு, டெட்டனஸ் ஊசியும் உண்டு. டாக்டர் பார்த்துச் சொல்வார். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது நாள் கடந்திருந்தாலும் போங்கள். தாமதமாகிவிட்டது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

நாய்களின் உடம்பையும் தடவிப் பாருங்கள். கோரைப்பல் போன ஓட்டை மேலே பட்டாணி அளவுதான் தெரியும், உள்ளே தோலும் சதையும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். மேல்தோல் ஆறி மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டிய நாய்கள் என் மேஜைக்கு நிறைய வருகின்றன. கழுத்து மடிப்பிலும் காதின் அடியிலும் முன்னங்கால் இடுக்கிலும் முடியை விலக்கிப் பாருங்கள். லேப்ரடாருக்கு முடி அடர்த்தி, எளிதில் தெரியாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எதைத் தலைவியாக வைப்பது? இரண்டையும் வைக்க வேண்டாம். தலைவன், ஆல்ஃபா என்று இன்று வீடியோக்களில் கேட்கும் பேச்சுக்கு வேர், 1947ல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் எழுதிய ஓநாய் ஆராய்ச்சியில் இருக்கிறது. அவர் பார்த்தவை சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்கள். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970ல் இந்தக் கருத்தை உலகமெல்லாம் கொண்டுபோனார். பல வருடம் காட்டு ஓநாய்களைப் பின்தொடர்ந்த பிறகு, 1999ல் அவரே அது சரியில்லை என்று எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் பிள்ளைகள். அங்கே பதவிக்காகக் குத்துச்சண்டை நடப்பதில்லை. ஓநாய்க்கே பொருந்தாத சட்டத்தை உங்கள் வீட்டு ஹாலில் கிடக்கும் ஜூலிக்கும் கருப்பிக்கும் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் மரியாதையாகவே சொல்லிவிடுங்கள்: ஒரு சண்டையை முழுசாக விட்டால் அடுத்த சண்டை இன்னும் சீக்கிரம் வரும். தோற்ற நாய் பணிந்து போய்விடும் என்பது நம் கற்பனை. அது பயந்துபோகும், அடுத்த முறை முந்திக்கொண்டு கடிக்கும். அதிலும் இரண்டும் பெண் நாய்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் 2011ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே வீட்டில் சண்டை போடும் 38 ஜோடி நாய்களைப் பார்த்திருந்தார்கள். ஐந்து ஜோடியில் நான்கு ஒரே பாலைச் சேர்ந்தவை, அவற்றிலும் பெண் நாய்கள்தான் அதிகம். பெரும்பாலும் பின்னால் வந்த நாய்தான் தொடங்கியது. எதற்காகத் தொடங்கின என்று பார்த்தால் வீட்டுக்காரரின் கவனம், சாப்பாடு, ஏதோ ஒரு பரபரப்பு, தரையில் கிடைத்த பொருள். உங்கள் கடிதத்தில் பைக்கும் கறியும் இருக்கின்றன, இல்லையா?

உங்கள் கணவர் கருப்பியை அடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கருப்பியின் தலைக்குள் என்ன பதிகிறது என்று யோசியுங்கள். ஜூலி பக்கத்தில் வந்தால் எனக்கு அடி விழுகிறது, அவ்வளவுதான். அடுத்த முறை ஜூலியைக் கண்டதுமே அதற்கு உடம்பு விறைக்கும். உறுமுவதற்காகவும் அடிக்காதீர்கள். உறுமல் என்பது, கடிக்காமல் தள்ளிப் போகச் சொல்லும் கடைசி அவகாசம். அதை அடித்து நிறுத்திவிட்டால், உறுமாமலே கடிக்கும் நாய்தான் மிஞ்சும். கரண்ட் ஷாக் கொடுக்கும் பட்டை ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. அதை வாங்க நினைத்த காசுக்கு எக்ஸ்ரே எடுங்கள்.

எக்ஸ்ரே என்று சும்மா சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியது: ஜூலி மாடிப்படி ஏறுவதில்லை. ஆறு வயது லேப்ரடாருக்கு வயசாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அது படி ஏறாமல் இருக்கிறது என்றால், ஏறினால் வலிக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். லேப்ரடாருக்கு வளரும் வயதில் இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போவதும், பிறகு அது தேய்வதும் இந்த இனத்தோடு வரும் தொல்லை. பெண் லேப்ரடார் 25 முதல் 32 கிலோவுக்குள் இருப்பது நல்லது. 38 கிலோவை அந்த இடுப்பு தினமும் சுமக்கிறது. இரண்டு வயது நாய் விளையாட்டாக வந்து மேலே விழுந்தால் முன்பு உருண்டு புரண்ட ஜூலி, இப்போது சீறுகிறது. கருப்பிக்கு அது புரியவில்லை, பதிலுக்குச் சீறுகிறது. பல வீடுகளில் சண்டை இப்படித்தான் பிறக்கிறது.

அதனால் முதல் வேலை, ஜூலியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் இடுப்பு, முழங்கால், முதுகு மூன்றையும் பார்க்கச் சொல்வது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் மூட்டு வலியைக் கொடுக்கும், ஆகவே ரத்தப் பரிசோதனையும் வேண்டும். தைராய்டையும் பார்த்துவிடலாம், எடை கூடி மந்தமாகக் கிடக்கும் லேப்ரடாருக்கு அது குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. காதுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருப்பது தெரிந்தால் நாய்க்கென்றே உள்ள வலி மருந்தை அவர் எழுதுவார். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் மாத்திரையில் பாதியைக் கொடுத்துவிடாதீர்கள். மனிதர் சாப்பிடும் இபுபுரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உள்ளூரில் எக்ஸ்ரே வசதி சரியாக இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

கருப்பி பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஹீட் முடிந்து இரண்டு மாதத்தில் முதல் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண் நாயோடு சேராமலே பெண் நாய்க்குப் பொய்ச் சினை வருவது சகஜம், அது வரும் காலமும் ஏறக்குறைய அதுதான். முலை வீங்கும், சில நாய்க்குப் பால்கூட வரும். கட்டிலடியில் தோண்டிப் படுக்கை போடும், செருப்பையோ பொம்மையையோ குட்டி மாதிரி வைத்துக்கொண்டு யாரையும் அண்டவிடாது. அந்த வாரங்களில் ஜூலி பக்கத்தில் போயிருந்தால் சண்டை வந்ததில் வியப்பில்லை. போதாததற்கு, நாய்க்கு ஒன்று முதல் மூன்று வயதுக்குள் ஒரு முதிர்ச்சி வரும். குட்டியாக இருந்தபோது விட்டுக்கொடுத்ததையெல்லாம் அதன் பிறகு விட்டுக்கொடுக்காது. மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவிட்டன.

உங்கள் கணக்குப்படி அந்த ஹீட் முடிந்து இப்போது ஆறு மாதம். அடுத்தது நெருங்கிவிட்டது. அது தொடங்குவதற்குள் கருப்பிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள். தொடங்கிவிட்டால் இன்னும் மூன்று நான்கு மாதம் காத்திருக்க வேண்டும், பொய்ச் சினை இருக்கும் நேரத்தில் செய்வதும் நல்லதல்ல. ஆபரேஷன் செய்தால் சண்டை நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண் நாய்கள் விஷயத்தில் அதற்கு உத்தரவாதம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீடு கொந்தளிப்பது நிற்கும். அதுவே எனக்குப் போதுமான காரணம்.

இதெல்லாம் நடந்து முடியும்வரை இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஹாலில் என்றால் மற்றது பின்கட்டில், நடுவில் சாத்திய கதவு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் எப்போதும் கொல்லையில் கட்டிப்போட்டால் அது குலைத்தே கெட்டுப்போகும். கதவைத் திறக்கும் முன் மற்ற நாய் எங்கே என்று உரக்கக் கேட்டுவிட்டுத் திறப்பது என்று வீட்டில் எல்லோரும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மறதியில் திறந்த கதவால்தான் பாதி வீடுகளில் மறுபடி சண்டை வருகிறது. உங்கள் மகனுக்கு இதை நன்றாகச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்தும், நீங்கள் வெளியே போகும்போது இரண்டும் தனித்தனி அறையில்தான். அது எத்தனை வருடம் ஆனாலும் மாறாத விதி.

சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. பத்து நிமிடத்தில் தட்டைக் கழுவி எடுத்துவிடுங்கள், தின்னாத மிச்சம் தரையில் கிடக்கக்கூடாது. கறி வாங்கிய அன்று, பையைப் பிரிக்கும் முன்பே இரண்டையும் அடைத்துவிட்டு நறுக்க உட்காருங்கள். நறுக்கும்போது ஒரு துண்டு இதற்கு, ஒரு துண்டு அதற்கு என்று எறிகிற பழக்கம் யாருக்காவது இருந்தால், அத்தையாக இருந்தாலும் சரி, அதை விட்டுவிட வேண்டும். எலும்பு கொஞ்ச நாளைக்கு வேண்டவே வேண்டாம்.

வாசல் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. தெருமுனையில் பைக் சத்தம் கேட்டதுமே இரண்டும் ஓடத் தொடங்கும். குறுகலான வாசலில் இரண்டும் தோளோடு தோள் இடிக்கும், கேட் இன்னும் திறக்காது, ஆசையோடு காத்திருப்பவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பார். அந்த நொடியில் நாய்க்கு உடம்பெல்லாம் முறுக்கேறி இருக்கும், கம்பியைக் கடிக்க முடியாத கோபத்தைப் பக்கத்தில் நிற்பதன்மேல் காட்டும். கொரியர்காரர் வரும்போதும் தெருநாய் போகும்போதும் இதே கதைதான். உங்கள் கணவர் கிளம்பும்போது ஒரு போன் போடட்டும். அவர் வருவதற்குள் இரண்டையும் உள்ளே தனித்தனியாக அடைத்துவிடுங்கள். அவரும் வந்ததும் கொஞ்சக்கூடாது. வண்டியை நிறுத்தி, கை கால் கழுவி, காபி குடித்து, நாய்கள் அடங்கிப் படுத்த பிறகு ஒவ்வொன்றாக, தனித்தனி அறையில் போய்ப் பார்க்கட்டும். எதை முதலில் என்பது பெரிய விஷயமில்லை. தினமும் ஒரே வரிசையில் பார்த்தால் போதும். கொஞ்சுவதைத் தள்ளிப்போடச் சொல்வதுதான் ஆண்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று என் அனுபவம். பிள்ளைகளைவிட நாய்தான் ஓடி வருகிறது என்பது அவர்கள் வாதம்.

ஒரு மாதம் ஆகி, ஜூலியின் வலி குறைந்து, கருப்பியின் தையலும் ஆறிவிட்டால், மறுபடி பழக்கலாம். வீட்டுக்குள் வேண்டாம். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் குறைந்த மைதானமோ அகலமான தெருவோ பாருங்கள். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாய், ஆளுக்கு ஒரு கயிறு. இருபது முப்பது அடி இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். எதிரெதிராக வரவிடாதீர்கள். ஒன்று மற்றதைத் திரும்பிப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தால் உடனே ஒரு சிறு துண்டு வேகவைத்த கோழி. ஜூலிக்கு எடை குறைய வேண்டும் என்பதால் அதை அதன் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள். நடக்கும் தூரமும் அதன் இடுப்புக்குத் தக்கபடி இருக்கட்டும், பத்து நிமிடம் போதும். சில நாள் கழித்து இடைவெளியை ஓரிரு அடி குறைக்கலாம். எப்போது நிறுத்துவது என்பதை உடம்பு சொல்லும். இமைக்காமல் முறைப்பது, வாயைச் சட்டென்று மூடிக்கொள்வது, வால் மேலே விறைத்து நிற்பது, முன்னங்கால் ஊன்றி அசையாமல் நிற்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் கயிற்றை வெட்டி இழுக்காமல் வளைந்து திரும்பிப் போய்விடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வதும், தரையை மோப்பம் பிடிப்பதும், உதட்டை நக்குவதும் வேறு. அது சண்டை வேண்டாம் என்று கேட்பது.

இரண்டு வாரம் முறைக்காமல் நடந்தால் வீட்டுக்குள் கொண்டுவரலாம். அதற்கு முன் இரண்டுக்கும் தனித்தனியாக, தன் சாக்கில் போய்ப் படுக்கப் பழக்கியிருக்க வேண்டும். ஹாலின் இரண்டு மூலையில் இரண்டு சாக்கு, இரண்டும் கயிற்றில், தொடக்கத்தில் ஐந்து நிமிடம். வாய்க்கூடு போட்டு வைப்பது நல்லது. கடையில் மஸில் என்று கேளுங்கள், ஆனால் துணியில் இறுக்கிக் கட்டும் வகையை வாங்காதீர்கள். அதைப் போட்டால் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியாது, நம் வெயிலில் உயிருக்கே ஆபத்து. கூடை மாதிரி இருப்பதை வாங்கி, உள்ளே பிஸ்கட் வைத்துச் சில நாள் பழக்கிவிட்டுப் போடுங்கள்.

இத்தனை செய்தும் சண்டை வந்தால் கையை நடுவில் நீட்டாதீர்கள். காலரைப் பிடிக்கப் போகிறவர்கள்தான் கடி வாங்குகிறார்கள், உங்கள் அத்தைக்கும் அதுதான் நடந்திருக்கும். கத்தினால் இன்னும் ஏறும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், அல்லது கனமான போர்வையை இரண்டின் மேலும் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியையோ பலகையையோ நடுவில் செருகலாம். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களை மேலே தூக்கிப் பின்னால் நகரலாம். ஜூலியின் இடுப்பு பலவீனமாக இருந்தால் அதற்கு இது கடைசி வழியாகத்தான். கவ்விய பிடி விடாமல் இழுத்தால் சதை கிழியும், பிடி விட்ட நொடியில் இழுங்கள். வாசலிலும் அடுப்படியிலும் ஒவ்வொரு போர்வை கைக்கெட்டும்படி தொங்கட்டும்.

சில நாய்களுக்குப் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை உதவும். ஃபுளுவாக்செட்டின் போன்றவை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மருத்துவர் நேரில் பார்த்து எழுத வேண்டும். பழக்கும் வேலையை அது சுலபமாக்கும், அந்த வேலை இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

கொடுத்துவிடுவதா என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் சண்டை எங்கே, எப்போது வருகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. காரணமே தெரியாமல், உறுமாமல் பாய்கிற ஜோடிகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கும். மூன்று நான்கு மாதம் ஒழுங்காகச் செய்தும் இரண்டும் ஒன்றையொன்று கண்டதும் பாய்ந்தால், அல்லது அத்தையால் கதவுகளைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அவர் தினமும் பயந்துகொண்டிருந்தால், அப்போது ஒன்றுக்கு வேறு வீடு பார்ப்பதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஜூலிக்கு மருந்து நேரம், படுக்கை, உங்கள் கை எல்லாம் பழகிவிட்டது. கருப்பி இளசு, வேறு நாய் இல்லாத, காம்பவுண்டு உள்ள வீட்டில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வாங்குகிறவரிடம் சண்டை விஷயத்தை மறைக்காதீர்கள். கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வரும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்ந்த பெண் நாயைப் புதுத் தெருவில் இறக்கிவிட்டால் அந்தத் தெரு நாய்கள் அதை என்ன செய்யும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் ஒரே ஆட்டோவில் ஏற்றாதீர்கள். ஜூலி எழுந்து நடப்பதையும் படியருகே தயங்கி நிற்பதையும் போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் பயத்தில் நாய்கள் நொண்டலை மறைத்துவிடும். எக்ஸ்ரே முடிவு வந்ததும் எழுதுங்கள், ஜூலியை எவ்வளவு தூரம் நடத்தலாம், சாப்பாட்டை எவ்வளவு குறைக்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.